நாலாம் கூடத்துக் கதவில் தொங்கிய அட்டை

கதவில் தொங்கிய மஞ்சள் அட்டையைக் கழற்றியது நீங்கள்தான், முதலாளி. பூச்சிமருந்து அடித்திருக்கிறது, சனிக்கிழமை காலைவரை யாரும் உள்ளே போகக்கூடாது என்று உங்கள் கையாலேயே எழுதிய அட்டை. குப்பைத் தொட்டியிலிருந்து அதை எடுத்தவன் நான். இன்றும் என் வீட்டில் இருக்கிறது.

நாங்கள் வந்து குடியேறிய இந்தக் குளிர்நாட்டில், பிக்கரிங்கில் உங்களுக்கு நாலு கண்ணாடிக் கூடங்கள். மூன்றில் பூச்செடிகள், எப்போதும் மருந்து நாறும். நாலாவதில் குடுவைச் செடிகள். அமெரிக்காவின் தெற்கே ஈரப் புல்வெளிகளில் முளைக்கிற சாதி. முழங்கால் உயரத்தில் பச்சைக் குழல்கள், வாயில் சிவப்பு நரம்புகள், விளிம்பில் தேன். தேனுக்கு வந்த ஈ வழுக்கி உள்ளே விழும்; மேலே ஏற முடியாது. காதை வைத்தால் அது உள்ளே அடித்துக்கொள்வது கேட்கும். குழாய்த் தண்ணீர் அந்தச் செடிக்கு ஆகாது என்று அண்ணை மழைத்தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து ஊற்றுவார். நாங்கள் குடியிருந்த அஜின்கோர்ட்டிலிருந்து என்னோடு ஒரே வான் வண்டியில் வேலைக்கு வந்து, பதினொரு வருடம் அந்தக் கூடத்தைப் பார்த்தவர்.

பூச்சியைச் செடியே தின்றுவிடுவதால் அங்கே மருந்து அடிப்பதில்லை. அதனால்தான் மத்தியானச் சாப்பாட்டுக்கு நாங்கள் அங்கே போவோம். அவருடைய மனைவி, அக்கா, கட்டிவிடும் புட்டும் மீன்கறியும். கறி மணத்துக்கு ஈ மொய்க்கும். “பாரடா, எங்களுக்கு முதல் உவைக்குப் பந்தி,” என்று செடிகளைக் காட்டிச் சிரிப்பார்.

அந்த வெள்ளிக்கிழமை கதவில் வெறும் நூல்தான் தொங்கியது. மாவுப்பூச்சி பிடித்ததென்று முதல்நாள் மாலை, நாங்கள் போன பிறகு, நீங்கள் மருந்து அடித்தது எங்களுக்குத் தெரியாது. காலையில் செடி வாங்க ஆட்கள் வந்தார்கள். அட்டையைக் கண்டால் திரும்பிப் போய்விடுவார்களே.

அண்ணை சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். என் பங்கை மூடியில் வாங்கும்போதே லொறி வந்துவிட்டது. வெளியே நின்று தின்றுவிட்டுச் சாமான் ஏற்றினேன். திரும்பி வந்தபோது அவர் பீப்பாயில் சாய்ந்து கிடந்தார். வாயோரம் நுரை, சட்டை முழுக்க வியர்வை.

“இண்டைக்கு ஈயெல்லாம் வெளியில கிடக்குதடா,” என்றார்.

பார்த்தேன். தரையெல்லாம் செத்த ஈ. அவர் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். உதவிக்கு ஆள் கூப்பிட ஓடும்போதுதான் குப்பைத் தொட்டியில் அந்த மஞ்சள் அட்டையைக் கண்டு எடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் அவருக்காக ஆங்கிலம் பேசியவர் நீங்கள். என்ன நடந்தது என்று டாக்டர் கேட்டார். பழைய மீன்கறி என்றீர்கள். மருந்தைப் பற்றி மூச்சே விடவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும். வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். அது என் குற்றம். இரண்டாம் நாள் அண்ணை போய்விட்டார்.

அதே கறியைத் தின்ற நான் உயிரோடு இருக்கிறேன். போன மாதம்தான் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நம்பவில்லை. “முதலாளி ஏன் பொய் சொல்லுறார்? ஆஸ்பத்திரிக்கு ஓடினவர் அவரெல்லோ. முதல்நாள் கறியைச் சூடாக்கிக் குடுத்தது நான்தானே,” என்றார். அக்கா வீட்டில் மீன் சமைத்து மூன்று வருடம் ஆகிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை வெக்ஸ்போர்ட் மண்டபத்தில் ஊர்ச்சங்கக் கூட்டம். வழக்கம்போல நீங்கள் மைக் பிடிப்பீர்கள். அக்கா முன்வரிசையில் இருப்பார். நான் அட்டையோடு வருவேன். இதைக் கழற்றியது யார்? அக்காவின் முகத்தைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்க, தமிழில் சொல்லுங்கள்.