சப்பாணி கட்டிய ரோபோ

1. லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணை, துண்டுகளைப் பூட்டி விளையாடும் பிளாஸ்டிக் ரோபோ ஒன்று வாங்கி வந்தார்.
2. கடையில் விற்கத் தகுமா என்று பார்க்கும்படி, பொறியியல் படித்த என்னிடம் தந்தார்.
3. நான் பூட்டிப் பார்த்தேன்.

துண்டுகள் பசையில்லாமலே கச்சிதமாகப் பொருந்தின. நிறமும் அழகு. முழங்கால்கள் மட்டும் தளர்வு.

“நல்ல சாமான்தான் அண்ணை. ஆனா நிக்க ஏலாது” என்றேன்.

“உன்னைப் போலத்தான். ஒரு இடத்தில நிக்காது. அப்ப வேண்டாம், திருப்பிக் குடுப்பம்.”

“நிக்காட்டி இருக்கட்டுமன்” என்றார் பக்கத்தில் நின்ற அம்மா. அதைக் கடை மேசையில் சப்பாணி கட்டி இருத்தினார். தளர்ந்த முழங்கால்கள் அதற்கு வசதியாக மடங்கின. புது வாகனத்துக்கு வைப்பதுபோல நெற்றியில் சந்தனப் பொட்டும் வைத்தார்.

கறிவேப்பிலை வாங்க வந்தவர்களின் பிள்ளைகள் அதைவிட்டு நகரவில்லை.

அண்ணை அதே ரோபோவில் மேலும் பெட்டிகள் வாங்கி வந்தார். எல்லாம் விற்றுத் தீர்ந்தன.