"ஏனுங்க, நான் தெரியறனா?"

செய்தி வந்தபோது நான் கல்லூரி மொட்டை மாடியில் ரேடார் பெட்டியைப் பொருத்திக்கொண்டிருந்தேன். அஸ்தம்பட்டி மருத்துவமனையிலிருந்து பூங்கோதை மேடத்தின் தம்பி பேசினார். "அக்கா போயிட்டாங்க சார்." கையிலிருந்த திருகாணி எங்கே விழுந்ததென்று இன்றுவரை தெரியாது.

மேடத்தின் பிடிவாதத்தை, அவரோடு வேலை செய்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தை ஒட்டிய புறவழிச்சாலைச் சந்திப்பில் லாரி, சைக்கிள் எது வந்தாலும் கண்டு எச்சரிக்கும் ரேடார் ஒன்றை இருவரும் செய்துகொண்டிருந்தோம். நான்கு ஆன்டெனாக்கள் ஒரே நேரத்தில் அலை அனுப்பும். ஒன்றின் அலை இன்னொன்றோடு கலக்காதபடி வடிவமைப்பது அவர் பொறுப்பு.

சோதனைக்கு, லாரிகளுக்குப் பாடி கட்டும் அவர் தம்பியின் பட்டறையில் நின்றுகொண்டிருந்த லாரிகளையே வைத்துக்கொண்டோம். நாமக்கல்லில் அதற்கா பஞ்சம்? திரை துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது. திட்டத்துக்குப் பணம் தரும் ஆய்வுக் குழு வருவதற்கு முந்தைய நாள்தான் ஒரு லாரியை ஓடவிட்டுப் பார்த்தோம். திரையில் அது இரண்டாகத் தெரிந்தது. வண்டி ஓடியதும் அலைகள் ஒன்றுக்குள் ஒன்று கசிந்திருந்தன.

துறைத்தலைவர் சுலபமாக வழி சொன்னார். "மங்கலாத் தெரியறதையெல்லாம் வெட்டி உடுங்க. பேய் லாரி போயிரும்." குழு கைவிரித்தால் திட்டமே போய்விடும் என்ற பயம் அவருக்கு. வெட்டினோம். மேடம் ஸ்கூட்டி சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

சற்று நேரத்தில் போன் வந்தது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பேசினார்.

"லாரிக்குப் பக்கத்துலயே வாரேன். ஏனுங்க, நான் தெரியறனா?"

திரையில் லாரி மட்டும் இருந்தது. "தெரியலீங்க மேடம்."

"நல்லாப் பாருங்க."

லாரியின் ஹாரன் போனுக்குள் அலறியது. "இல்லீங்க. ஓரங்கட்டுங்க மொதல்ல."

"அப்பப் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களும் தெரிய மாட்டாங்கல்லங்க."

மறுநாள் எதையும் வெட்டாமல், ஒரு லாரி இரண்டாகத் தெரிவதை அவரே குழுவுக்குக் காட்டினார். "நிக்கற வண்டிய நம்பி ஏமாந்துட்டமுங்க. அலைய மாத்தோணும், டைம் குடுங்க." எங்கள் தலைவர் முகம் செத்துப்போனது. என்ன நினைத்தார்களோ, கொடுத்தார்கள்.

மேடத்துக்குத்தான் காலம் கொடுத்துவைக்கவில்லை; நோயில் விழுந்தார். கடைசி அலை வடிவங்களை மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே அனுப்பினார். அவற்றைச் சோதிக்கத்தான் செய்தி வந்த அன்று நான் மாடியேறியிருந்தேன்.

காரியம் முடிந்த மறுநாள் லாரியை ஓடவிட்டோம். பக்கத்தில் அக்காவின் ஸ்கூட்டியில் தம்பி வந்தார். திரையில் ஒரே லாரி. அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு புள்ளி.

நல்லவற்றை நிறையச் செய்தவர் அவர். எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அவருடைய அந்த ஒரு கேள்வியைத்தான். திரை சுத்தமாக இருந்தால் இப்போதெல்லாம் எனக்குப் பயம் வருகிறது.

தம்பி போனில் கேட்டார். "சார், அக்கா வண்டி தெரியுதுங்களா?"

"தெரியுது சாமி," என்றேன். "நல்லாத் தெரியுது."