ஆலிம்சா கீழே வைத்த ஆதாரம்

மைதீன் பிச்சை ஆலிம் ஸ்ரீவில்லிபுத்தூரில் அரபிப் பாடசாலை நடத்தியவர். தம் மார்க்க நூல்களோடு பிற சமயங்களின் வேதங்களையும் அவர் ஆண்டுக்கணக்கில் பயின்றிருந்தார். பொதுமேடைகளில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. பிறர் வேதத்திலிருந்து மேற்கோள் காட்ட நேர்ந்தால், அதிகாரத்தையும் வசனத்தையும் மட்டும் சொல்லி, அந்தச் சமயத்தாரையே எழுந்து வாசிக்கச் சொல்வார்.

“நான் வாசிச்சா என் குரல்தான் கேக்கும். அவிய வாசிச்சா அவிய வேதம் கேக்கும்” என்பார்.

1988இல், இஸ்லாத்தில் இரக்கத்துக்கு இடமில்லை என்றொரு துண்டறிக்கை ராஜபாளையத்தில் வீடு வீடாகக் கொடுக்கப்பட்டது. அச்சகத்தின் பெயரில்லாத அந்தத் தாளின் பிரதி இன்றும் என்னிடம் உள்ளது. பதில் சொல்ல ஆலிம்சா முன்வந்தார். மேடையில் அவரோடு உரையாட, அவ்வூர்ப் புராட்டஸ்டண்டு சபையின் பாஸ்டர் நேசையன் இசைந்தார்.

பள்ளிவாசல் ஜமாஅத்தார் அஞ்சினர். “ஒத்த மேற்கோள் தப்பாப் போச்சுன்னாக்கூட நம்ம தீனையே, மார்க்கத்தையே பொய்யிம்பாங்க, ஆலிம்சா. பேசாம இருந்திருங்களேன்.”

“பேசாம இருந்தா அந்தத் தாளுதான பேசிக்கிட்டிருக்கும்?” என்று கூறி அவர் பஸ் ஏறினார்.

கல்யாண மண்டபத்தில் நான் மூன்றாம் வரிசையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். தானம் பாவத்தை அணைக்கிறது என்பது நபிகளாரின் போதனை என்று விளக்கிய ஆலிம்சா, அதே கருத்து கிறிஸ்தவ வேதத்திலும் இருப்பதாகக் கூறி அதன் உள்நூலான ஓர் ஆகமத்தின் பெயரையும் வசனத்தையும் சொன்னார். “நீங்களே வாசிங்க பாஸ்டர் ஐயா.”

நேசையன் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார். “வசனத்த விடுங்க. அப்பிடி ஒரு ஆகமமே இதுல இல்லியே!”

“இட்டுக்கட்டிட்டு வந்திருக்காருய்யா!” என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார். மண்டபமே சிரித்தது. செய்யாத குற்றத்துக்காக ஆலை விசாரணையில் நின்று வேலையிழந்தவன் நான். அந்தச் சிரிப்பை அறிவேன்.

அப்போது மில்லில் இயந்திரம் பொருத்தும் பிட்டர் வேலை பார்த்த கத்தோலிக்கரான இருதயம் எழுந்தார். ஆலிம்சா பயின்றது இவர் கொடுத்த வேதாகமத்தில்தான். “எங்க புத்தகத்துல இருக்கு. இவிய சபைக்காரக அந்த ஆகமத்தச் சேக்கிறதில்ல. இந்தா, பாத்துக்கிடுங்க.”

ஆலிம்சாவுடன் வந்திருந்த காதர் மஸ்தான் துள்ளி எழுந்தார். “இவிய வேதத்துலேயே ரெண்டு கணக்கு! எழுதிக்கிடுங்கய்யா!”

“ஏலே மஸ்தான், உக்காரு” என்றார் ஆலிம்சா.

எதிர்த்தரப்பை அங்கேயே இரண்டாகப் பிளக்கக்கூடிய ஆதாரம் அவருக்குக் கிடைத்திருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

“இருதயம் அண்ணாச்சி, ஒங்க புத்தகத்துல உள்ளத ஒங்ககிட்டத்தான் சொல்லியிருக்கணும். பாஸ்டர் ஐயா ஏத்துக்காத ஆகமத்தக் காட்டி அவர்கிட்டப் பேசினது என் பெசகு. அந்த மேற்கோள விட்டுர்றேன்.”

என் தரப்புச் சான்றுகளை எட்டுக் கோப்புகளில் கட்டிவைத்திருப்பவன் நான். கையில் வந்த ஆதாரத்தை ஒருவர் தாமாகக் கீழே வைத்ததை அதற்கு முன் கண்டதில்லை.

நேசையன் வேதாகமத்தை மூடவில்லை. “இருங்க ஆலிம்சா” என்று தானியேல் ஆகமத்துக்குத் திருப்பினார். ஏழைகளுக்கு இரங்கிப் பாவத்தை அகற்றும்படி ராஜாவுக்குச் சொல்லப்பட்ட இடத்தைத் தாமே உரக்க வாசித்தார். “இது எங்க புத்தகத்துலயும் இருக்கு. நீங்க சொன்ன கருத்து பொய்யில்ல.”



தொண்ணூறுகளில் வத்திராயிருப்பு வரை ஆலிம்சா பேசிய பல கூட்டங்களுக்கு நானும் போனேன். எங்கும் அவருடைய முதற்சொல் மாறவில்லை: “இன்னைக்கு எந்தப் புத்தகம் கொண்டாந்திருக்கிய? செத்தக் காட்டுங்க, பாத்துட்டுப் பேசுதேன்.”