கார் வந்தால் ஒரு குருவி, ஜீப் வந்தால் ஒரு குருவி

என் முன்பற்கள் இரண்டும் விழுந்திருந்த வருடம்தான் அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. மலைமேல் மழைக்காட்டில் குருவிகளைக் கணக்கெடுக்கிற வேலை அவளுக்கு. தூத்துக்குடியில் கடை, துறைமுகம் என்று பிழைக்கிற எங்கள் சொந்தபந்தத்தில், குருவியைப் பார்க்கச் சம்பளம் கொடுப்பார்கள் என்பதையே யாரும் நம்பவில்லை. நாசரேத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல இடம். ஒரே நிபந்தனை, காட்டு வேலையை விட்டுவிட வேண்டும். அப்பா சரியென்றுவிட்டார். அத்தையை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விடுமுறைக்கு வந்தவள், போனில் பதிந்துவைத்திருந்த குருவிச் சத்தங்களை எனக்குப் போட்டுக்காட்டினாள். அதில் இரண்டு குருவிகள் பெரிய ரோதனை. இரண்டுமே கட்டைவிரல் பருமன், இரண்டுமே மங்கிய பச்சை, இரண்டுக்கும் கண்ணுக்கு மேலே வெளிறிய கோடு. படத்தைப் பார்த்தால் பெற்ற தாய்க்கே குழம்பும்.

"ஏளா, கண்ண நம்பாத. காத நம்பு" என்றாள் அத்தை. ஒன்று 'பீ-பீட்' என்று கீழிருந்து மேலே ஏறும். மற்றது 'டிச்லி' என்று சட்டென்று முடிந்துவிடும். மூடுபனியில் மரமே தெரியாதபோதும் அவள் இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடுவாளாம். நானும் விசிலடித்துப் பழகினேன். "பொட்டப்பிள்ளைக்கு என்ன விசிலு?" என்று அடுக்களையிலிருந்து அம்மா கத்துவாள். யார் கேட்டது!

பெண் பார்க்க வருகிற அன்று அத்தை என்னை வாசலில் நிறுத்தினாள். வேலையை விடப்போகிறாள் என்பதால், ஆபீஸில் கொடுத்திருந்த பைனாகுலரும் ரெக்கார்டரும் இருந்த பையைத் திரும்ப வாங்கிப்போக ஆபீஸ் ஜீப்பும் அன்றைக்கே வருவதாக இருந்தது.

"கார் வந்தா பீ-பீட். நான் சேலை உடுத்திட்டு உள்ளயே இருப்பேன். ஜீப்பு வந்தா டிச்லி. ஓடியாந்து பையக் குடுத்துருவேன். மாத்திராதளா, மானம் போயிரும்."

நிலக்கரி லாரிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளைக் கார் எங்கள் தெருவுக்குள் திரும்பியது. 'பீ-பீட்' என்று மூச்சைப் பிடித்து அடித்தேன்.

அத்தை வெளியே ஓடிவந்தாள். முழங்கால்வரை சுருட்டிய காட்டுப் பேன்ட், தோளில் பை, காலெல்லாம் கறுத்த தழும்புகள். காரிலிருந்து இறங்கிய மாப்பிள்ளையின் அம்மா அந்தக் கால்களையே பார்த்தார்.

"என்னம்மா இது?"

"அட்ட கடிச்சது. மழைக்காலத்துல எப்பவும் இப்படித்தான் இருக்கும்" என்றாள் அத்தை.

வந்தவர்கள் காபியைக் குடித்தார்கள். தட்டில் வைத்த முந்திரி மக்ரூனைத் தொடவில்லை. தூத்துக்குடிக்கு வந்து மக்ரூனைத் தொடாமல் எழுந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

நான் அழுதுகொண்டே விசில் கதையைச் சொன்னதும் பழியெல்லாம் என் பல்மேல் விழுந்தது. "ஓட்டப் பல்லுல விசிலடிச்சா எல்லாம் ஒண்ணு மாதிரித்தான் கேக்கும்" என்றார் அப்பா. ஒரு கல்யாணத்தையே கெடுத்துவிட்டோமே என்று தேம்பினேன். அத்தை என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நீ சரியாத்தாம்ளா அடிச்ச. எனக்குத்தான் காது அடைச்சிருந்துச்சு. கடல்காத்துல்லா."

ஒரு காதைக் கையால் பொத்திக் காட்டினாள். பாவம், காது அவ்வளவு வலிக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஜீப் வந்தது. பையோடு அத்தையும் ஏறிக்கொண்டாள். அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ராத்திரி ஜெபத்தில் அத்தையின் காதையும் சேர்த்துக்கொண்டேன். காட்டிலிருந்து போன் வந்தால் ஓடிப்போய் வாங்கி, "காது இப்பத் தேவலையா அத்த?" என்றுதான் முதலில் கேட்பேன். "நல்லாக் கேக்குளா" என்பாள். மூடுபனியில் குருவியைப் பிரிக்கிறவளுக்கு, பத்தடி தூரத்தில் நான் அடித்த விசிலா குழம்பியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.