சைலன்சர்க் குழாயில ஒரு பிளக்

கராஜ் வேலையில வாகனம் திருத்திறது கால்வாசி, சாமான் வருமெண்டு பாத்துக்கொண்டிருக்கிறது முக்கால்வாசி. என்ர கராஜ் வாங்கில குந்தியிருந்து, "இண்டைக்கு முடியுமோ?" எண்டு கேட்டுக் களைச்ச சனம் இதை வாசிச்சால் என்னை ஏசாதேங்கோ. நானும் உங்களோடதான் காத்துக்கிடந்தனான்.

யப்பான்காரன்ர பைத்தியம்

எண்பதுகளில மாங்குளச் சந்தியில எனக்குக் கராஜ். ஒருநாள் முல்லைத்தீவிலயிருந்து வவுனியாச் சந்தைக்கு மீன் ஏத்திற ஒரு பழைய யப்பான் பிக்கப் கரும்புகை கக்கிக்கொண்டு வந்து நிண்டுது. அது பிலோமினா அக்காவின்ர. அவாவின்ர புருசன் சவிரிக்குச் சவூதியில ஒரு கராஜில வேலை. லீவில வந்தவர் கொழும்பில அதை வாங்கிக் குடுத்திட்டுத் திரும்பிப் போட்டார். ஓடுறது அவாவின்ர தம்பி ராசன்.

கீழ படுத்துப் பாத்தால் சைலன்சர்க் குழாயில ஒரு பிளக், வாலில ஒரு வயர். எஞ்சினில இருக்கவேண்டிய பிளக்குக்குப் புகைக்குழாயில என்ன வேலை? யப்பான்காரனுக்குப் பைத்தியம் எண்டு முடிவு கட்டி, அதைக் கழட்டித் தகரப்பேணிக்க போட்டிட்டு, ஓட்டையில ஒரு போல்ட்டை வைச்சு இறுக்கிவிட்டன். என்ர கெட்டித்தனத்தில எனக்கே ஒரு புளுகம், ஒரு பெருமை. அடுத்த கிழமை ராசன் திரும்பி வந்தான். புகை இரண்டு மடங்கு, பெற்றோலும் குடிச்சுத் தள்ளுது.

"அண்ணை, வவுனியாவில என்ர மீனைக் கருவாடோ எண்டு கேக்கினம்."

கசெற்றில வந்த குரல்

பேணிக்குள்ள கிடந்த பிளக்கை எடுத்துப் படம் கீறி, அதில வெட்டியிருந்த நம்பரையும் எழுதிக் குடுத்தன். அக்கா அதைச் சவிரிக்குத் தபாலில போட்டா. போல்ட் அடிச்ச கதையை நான் எழுதேல்ல. மூண்டு மாதம். ஒவ்வொரு கிழமையும் ராசனோட ஏறி வந்து, "கடிதம் வரேல்ல தம்பி" எண்டு சொல்லிப்போட்டுப் போவா. சாமானுக்கு அந்தரப்படவேண்டியவன் நான், ஆறுதல் சொன்னதும் நான்தான்.

கடைசியா, உடையார்கட்டுக்கு லீவில வந்த ஒருத்தரிட்டச் சாமானும் ஒரு கசெற்றும் வந்துது. அந்த நாளில வெளிநாட்டுக்காரர் கடிதத்துக்குப் பதிலாக் கதைச்சு அனுப்புறது உங்களுக்குத் தெரியுந்தானே. அக்கா றேடியோவையும் தூக்கிவந்து கராஜுக்க வைச்சா. நான் பிக்கப்புக்குக் கீழ, சவிரி றேடியோவுக்குள்ள. "தம்பி, இதுக்குப் பேர் ஒட்சிசன் சென்சர். எஞ்சின் விடுற புகையை மணந்து பாத்து, பெற்றோலைக் கூட்டிக் குறைக்கச் சொல்லுற சாமான். குழாய் இளஞ்சூட்டில இருக்கேக்க பூட்டுங்கோ. நுனியில கை படக்கூடாது." சொன்னபடி செய்தன். பிறகு குரல் கொஞ்சம் தணிஞ்சுது. "எங்கட ஊர்ப் பெற்றோலில ஈயம் கலந்திருக்கு, இது கன நாள் நிக்காது. பிலோ, அடுத்ததை அனுப்பமாட்டன். நானே கையில கொண்டுவந்து பூட்டுவன்."

எஞ்சின் அடங்கி ஓடிச்சுது, புகை ஒரு பொட்டும் இல்லை. அக்கா அதைத் திரும்பியும் பாக்கேல்ல. கசெற்றின்ர கடைசித் துண்டை மூண்டு தரம் சுத்திப் போட்டுக் கேட்டா. மற்றச் சனமெல்லாம் சாமான் எவ்வளவு காலம் உழைக்குமெண்டு கேக்கும். அக்கா கேட்டது வேற.

"தம்பி, இது எவ்வளவு நாளில பழுதாகும்?"

நல்லா ஓடின எட்டு மாதம்

எட்டு மாதம் அந்த வாகனத்தில ஒரு குறையும் இல்லை. மெக்கானிக்குக்கு அதைவிடச் சந்தோசம் என்ன? ஆனா அவாவின்ர முகத்தைப் பாக்க எனக்குக் கவலையாக் கிடந்துது. சந்தியில பிக்கப் நிண்டால் இறங்கிப் பின்பக்கம் போய், சைலன்சர் வாயில விரலை விட்டுக் கரி பிடிச்சிருக்கோ எண்டு பாப்பா. விரலைச் சேலைத் தலைப்பில துடைச்சுக்கொண்டு ஏறி இருப்பா. ராசனுக்கு ஒருநாள் பொறுக்கேலாமல் போச்சு.

"அக்கா, நீ மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திறது வாகனம் பழுதாகவோ?"

இரண்டாவது பார்சல்

ஒன்பதாம் மாதம் புகை வந்துது. அக்கா சவிரிக்கு எழுதிப்போட்டு வீட்டுக்கு வெள்ளை அடிச்சா. எனக்கும் அந்த மனிசனைக் காண ஆசை. குரல் தெரியும், முகம் தெரியாது.

வந்தது பார்சல்தான். சென்சரும் ஒரு துண்டுக் கடிதமும். லீவு கிடைக்கேல்லையாம், இன்னும் இரண்டு வருசமாம். கசெற் இல்லை. நான் பழசைக் கழட்டிப்போட்டுப் புதுசை எடுக்கக் கை நீட்டினன். அக்கா பெட்டியை மூடி மடியில வைச்சுக்கொண்டா. எனக்கு அழுகை வரப்பாத்துது, குனிஞ்சு ஸ்பனரைத் தேடினன்.

"இதை அவர் வந்து பூட்டட்டும் தம்பி. நீங்கள் அந்த போல்ட்டை இறுக்குங்கோ."

அதுக்குப் பிறகு முல்லைத்தீவு றோட்டில கரும்புகை எழும்பினால், சவிரி இன்னும் வரேல்ல எண்டு மாங்குளச் சந்திக்கே கடிதம் பாக்காமல் விளங்கிவிடும்.