அவருக்கு வைத்த சாம்பார்

நான் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப்புடவை எடுத்துக் காட்டுகிறவள். போன வருடம் கடையிலேயே பெண்களுக்கு இலவச மருத்துவ முகாம் வைத்தார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை. "சும்மாதானே எடுக்கிறாங்க, வாக்கா" என்று கூட வேலை செய்கிற பெண்கள் இழுத்தார்கள். வரிசையில் நின்று ஒருவரையொருவர் கேலி செய்து சிரித்தோம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

வேலை நேரத்தில் எங்கள் செல்போன்களை வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள். சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம் போனைத் திரும்ப வாங்கியபோது ஒரே எண்ணிலிருந்து நாலு மிஸ்டு கால். பஸ் ஸ்டாப்பில் நின்றபடி திருப்பி அழைத்தேன். முகாமுக்கு வந்திருந்த நர்ஸ்.

"பயப்படாதீங்கம்மா. உங்களுக்கு வைரஸ் கிருமி இருக்குன்னு வந்திருக்கு. கேன்சர்னு அர்த்தம் இல்ல. அடையாறு ஆஸ்பத்திரிக்கு வந்து அடுத்த டெஸ்ட் எடுத்துக்கணும்."

"அது எப்பிடிமா எனக்கு வந்துச்சு?"

"புருஷன் பொண்டாட்டி உறவுல வர்றதுதாம்மா."

"அவரு செத்து மூணு வருஷம் ஆவப்போவுது."

"அப்ப பழசா இருக்கும்மா. வருஷக்கணக்கா உள்ளயே தங்கியிருக்கும்" என்றாள்.

வந்த பஸ்களையெல்லாம் விட்டுவிட்டு நின்றேன். சாவுக்குப் பயந்தேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. என் கணவர் லோடு வண்டி ஓட்டியவர். விஜயவாடா, ஹூப்ளி என்று கிளம்பினால் திரும்பி வர நாலைந்து நாள் ஆகும். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் ஒருநாள்கூட அவரை நான் சந்தேகப்பட்டதில்லை. இப்போது சந்தேகப்பட்டேன். உயிரோடு இருந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பேன். வேறு யாரிடமும் வாய் திறக்க முடியாது. புருஷன் இல்லாதவளுக்கு இந்தக் கிருமி என்றால் என்னைத்தான் பேசுவார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

அந்த வாரமே அவருடைய நினைவு நாள் வந்தது. வருடாவருடம் பட்டினப்பாக்கம் போய் வஞ்சிரம் வாங்கி வந்து, பாதியை வறுத்து, பாதியைக் குழம்பு வைத்து, அவர் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைப்பேன். அந்த முறை மீன் வாங்கப் போகவில்லை. சோறு, சாம்பார், ஒரு அப்பளம். வேண்டுமென்றேதான் செய்தேன்.

சைதாப்பேட்டையில் எங்கள் பக்கத்துத் தெருவில்தான் என் நாத்தனார் இருக்கிறாள். படையலுக்கு வந்தவள் இலையைப் பார்த்துத் திகைத்துவிட்டாள்.

"இன்னா அண்ணி, எங்கண்ணனுக்கு வெறும் சாம்பாரா? மீன் இல்லாம அதுக்குச் சோறு எறங்குமா?"

"ஒடம்பு முடியல" என்றேன். படத்திலிருந்த மனிதர் எப்போதும்போல் சிரித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடையாறுக்குத் தனியாகத்தான் போனேன். "கூட யாரு வந்திருக்காங்க?" என்று மூன்று பேர் கேட்டார்கள். மூன்று பேரிடமும் "வெளிய இருக்காங்க" என்று பொய் சொன்னேன். துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை கடையில் கல்யாணப் பெண்களுக்குப் புடவை விரித்தேன், மடித்தேன். வீட்டில் எனக்கென்று உலை வைக்கக்கூடத் தோன்றவில்லை. அப்படியொரு தனிமையை அவர் செத்த அன்றுகூட நான் அனுபவிக்கவில்லை.

"கேன்சர் இல்ல. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்க, போதும்" என்றார் டாக்டரம்மா. எழுந்த நான் அப்படியே நின்று, என் கணவர் எனக்குத் துரோகம் செய்தாரா என்பதைச் சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"அவருக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே கூட இருந்திருக்கலாம். எப்ப வந்துச்சுன்னு எந்த டெஸ்ட்லயும் தெரியாதும்மா."

நேரே நாத்தனார் வீட்டுக்குப் போனேன். கிருமி எனக்கு இருப்பதை மட்டும் மறைத்தேன். "கேன்சர் டெஸ்ட் எடுத்தேன், ஒண்ணும் இல்லையாம். நீயும் போய் எடுத்துக்க. புருஷன்கிட்டேந்து வர்ற கிருமியாலதான் வருதாம்."

அவள் சிரித்தாள். "எனக்கு இன்னாத்துக்கு அண்ணி? எங்க வூட்டுக்காரரு அந்த மாதிரி ஆளு இல்ல."

"உங்கண்ணனும் அந்த மாதிரி ஆளு இல்ல" என்றேன்.

நம்பிச் சொன்னேனா, செத்தவர் மானத்துக்காகச் சொன்னேனா, எனக்கே தெரியவில்லை. அழுகை வந்துவிட்டது. அண்ணனை நினைத்து அழுகிறேன் என்று எண்ணி, அவளும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.