டேப் ஒட்டிய இழுப்பறை

வேலையிடத்தில் அவருக்கு டேப்பண்ணன் என்று பெயர். வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் சாமான் கட்டுபவர். அலமாரியோ மேசையோ, இழுப்பறையைக் காலி செய்து நேரத்தை வீணாக்க மாட்டார். உள்ளே இருப்பது இருந்தபடியே குறுக்கே டேப்பை ஒட்டித் தூக்கிவிடுவார். பழைய பாட்டிலையும் கிழிந்த குடையையும் கட்டிக்கொண்டு அழும் வீட்டுக்காரர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "குப்பைம்மா, போட்டுட்டு வாங்க" என்பார். இளகிய மனசெல்லாம் இந்தத் தொழிலுக்கு ஒத்துவராது என்பது அவர் கட்சி. தன்னையும் ஒருநாள் டேப் ஒட்டி மூலையில் வைத்துவிடுவார் என்று அவர் மனைவி கிண்டல் செய்வதுண்டு.

அந்த மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, மகள் தன் வீட்டுக்கே வந்துவிடச் சொன்னாள். அங்கே அவருக்கென்று ஒதுக்கியது ஒரு சின்ன அறை. கட்டில் போட்டால் நடக்க இடமிருக்காது. அதற்கென்ன என்று பெருமையாகத் தலையாட்டினார். ஊரார் வீட்டையே காலி செய்கிறவருக்குத் தன் வீடு எம்மாத்திரம்?

பாத்திரம், மெத்தை, அவளுடைய துணிமணி எல்லாம் மளமளவென்று வெளியேறின. குளியலறை ஜன்னலில் இருந்த அவள் சீப்பை மட்டும் கை விட மறுத்தது. பல் உடைந்த சீப்பு. இரண்டு மூன்று நரைமுடி அதில் சுற்றிக் கிடந்தது. அதை விரலால் தடவிக்கொண்டே நின்றார். மகள் வரும் சத்தம் கேட்டது. இந்த வயதில் இது என்ன கூத்து என்று சிரிப்பாளோ என்ற வெட்கத்தில், அதை முகம் பார்க்கும் கண்ணாடி வைத்த மேசையின் இழுப்பறைக்குள் போட்டு மூடினார். கிளம்பும்போது சட்டைப்பையில் எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணம்.

பழைய சாமான் கடைக்காரர் வண்டியோடு வந்தார். அவருடைய ஆட்கள் மேசையைத் தூக்கத் தெரியாமல் தடுமாறியதை டேப்பண்ணனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, இழுப்பறைக்குக் குறுக்கே டேப்பை இழுத்து ஒட்டி, தானே முன்பக்கம் பிடித்து வண்டியில் ஏற்றினார். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. மனசு எங்கேயோ இருந்தது.

மறுநாள் மகள் வீட்டில் சட்டைப்பையைத் தடவியபோதுதான் சீப்பு மேசையோடு போய்விட்டது உறைத்தது. செருப்புகூடப் போடாமல் கடைக்கு ஓடினார். மகளும் பதறிப்போய்ப் பின்னாலேயே வந்தாள்.

மேசை துடைத்துப் பளபளவென்று நின்றது. இழுப்பறை காலி. முடியோடு ஒரு சீப்பு கிடந்ததாகவும், காலையிலேயே குப்பை வண்டியில் போய்விட்டதாகவும் கடைக்காரர் சொன்னார். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏதும் முக்கியமான பொருளாண்ணே?" என்று கேட்டார்.

"இல்லப்பா. குப்பைதான்."

தெருவுக்கு வந்த பிறகு மகளிடம் உண்மையைச் சொன்னார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா. நான் என்ன, தூக்கிப் போடவா சொல்லப்போறேன்?"

சொல்லியிருக்க மாட்டாள். அப்படிச் சொல்கிறவர் அந்த வீட்டில் ஒருவர்தான் இருந்தார்.